நடுமுதுகுச் செதில்

மன்னார்த் தீவின் பேசாலையில் கருவாடு போடுகிறவர்களில் ஜூலியட்டின் கை சுத்தம் என்று கொழும்பிலிருந்து லொறியோடு வரும் முதலாளிமார் சொல்வார்கள். அவர்கள் அதைச் சொல்லும் நேரத்தில் றோசம்மா பக்கத்தில் இருப்பதில்லை. ஜூலியட்டுக்கு வாழ்க்கையில் நல்லது ஏதும் நடந்தபோதெல்லாம் அப்படித்தான். பார்க்க வேண்டியவள் கோயிலுக்கோ வங்கிக்கோ போயிருப்பாள்.

றோசம்மா அவளுடைய மச்சாள். புருஷன் மரியதாசனின் அக்கா. பக்கத்து வளவு.

ஜூலியட் எட்டு வயதில் கடல் தாண்டியவள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தாள். அங்கே அவளுடைய வாயிலிருந்து 'ஓம்' போய் 'ஆமா' வந்தது. மரியதாசன் பிந்திய சண்டைக் காலத்தில் படகேறி அதே முகாமுக்கு வந்தான். அங்கேயே கலியாணம் நடந்தது. பிள்ளைகள் இல்லை. திரும்பி வந்தபோது அவர்களுக்கு நிற்க நிலமும் இல்லை. றோசம்மா கேட்காமலே தன் வளவில் பாதியைத் தம்பியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தாள்.

"எங்க வேணுமோ அங்க வேலியைப் போடு" என்றாள்.

மரியதாசன் வெட்கப்பட்டுக் கிணற்றை அக்காவின் பக்கத்தில் விட்டு வேலி போட்டான். பிறகு தங்கள் பக்கத்தில் தோண்டிய கிணற்றில் உவர்தான் வந்தது. அன்றிலிருந்து ஜூலியட் குடிதண்ணீருக்குக் குடத்தோடு மச்சாளின் படலையைத் திறக்கிறாள். ஒரு நாளாவது றோசம்மா முகம் சுளித்ததில்லை. தராமல் இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

றோசம்மாவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். ஊர் முழுக்க அந்த வீட்டில் துக்கத்துக்கு வந்து இருந்ததாம். முகாமில் செத்த தன் தாய்க்கு நாலைந்து பேர்தான் வந்தார்கள் என்பதை ஜூலியட் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நினைப்பாள். றோசம்மாவின் மகன் கனடாவில். அவன் அனுப்பிய காசில் குளிர்சாதனப் பெட்டி, ஓட்டுக் கூரை, புதுக் கதிரைகள். ஜூலியட் ஒவ்வொன்றையும் வந்த அன்றே போய்ப் பார்ப்பாள். நல்லா இருக்குது மச்சாள் என்பாள். வீட்டுக்கு வந்து பானை சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

பாம்பை முதலில் கண்டது ஜூலியட்தான்.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. வேலியோரம், றோசம்மாவின் பக்கத்தில், ஒரு பூவரசு நிற்கிறது. அதன் ஒரு கிளை வேலியைத் தாண்டி ஜூலியட்டின் கருவாட்டுப் பரணுக்கு மேலே சாய்ந்திருந்தது. அவள் உப்புத் தொட்டியடியில் கத்தி கழுவிக்கொண்டிருந்தபோது, அந்தக் கிளையிலிருந்து பரண் கம்புக்கு ஒரு கயிறு நீண்டது. செம்புக் கம்பி நிறம். பெரிய கண். அது கழுத்தை ஊதியபோது செதில்களுக்கு இடையில் நீலம் தெரிந்தது.

கொம்பேறி மூக்கன். கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவனின் பிணம் எரிகிற புகை தெரிகிறதா என்று பார்க்குமாம். முகாமில் இருந்த சனமும் இங்கேயுள்ள சனமும் ஒரே மாதிரிச் சொல்கிற கதைகளில் ஒன்று அது.

ஜூலியட் அலுமாரியிலிருந்து மடுக்கோயில் மண்ணை எடுத்து வந்தாள். பாம்பு தீண்டாமல் இருக்க மன்னாரில் கத்தோலிக்க வீடுகளில் வைத்திருக்கிற மண். தன் பக்கத்து வேலியடி நெடுகத் தூவினாள்.

"மாதாவே, அங்கால போகட்டும்" என்றாள்.

பாம்பு தலையைத் திருப்பிப் பூவரசுக்குள் போய்விட்டது.

இரவு சாப்பிடும்போது மரியதாசன் சிரித்தான். "எங்கட ஆக்களைச் சேமக்காலையிலதானே புதைக்கிறது, எரிக்கிறேல்லயே. அது புகையைத் தேடித் தேடி மரத்திலயே கிடந்து சாகப்போகுது, பாவம்."

அடுத்த மாதம் சனூன் வந்தார். முசலியில் பிறந்து பல்கலைக்கழகம் ஒன்றில் விலங்கியல் படிப்பிக்கிறவர். தீவில் என்னென்ன ஊர்வன இருக்கின்றன என்று பார்க்க, நுஸ்ரியா என்ற ஆய்வு மாணவியோடு கரையோரம் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஜூலியட் கரையில் மீன் இறக்கும் வாடியில் மீனுக்கு நின்றாள். றோசம்மா வீட்டில் இருந்தாள். வெயிலில் வந்த இருவரையும் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். பாம்பு என்றதும் பூவரசைக் காட்டினாள். அது அங்கேயே, இலை மறைவில், கிளையோடு கிளையாகக் கிடந்தது. சனூன் துணிப்பையில் பிடித்துக்கொண்டு போனார்.

மாரி தொடங்க அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த நேரம் ஜூலியட் குடத்தோடு கிணற்றடியில் நின்றாள். சனூன் விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்து றோசம்மாவுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாதிக்கு டென்ட்ரெலாஃபிஸ் எண்டு பேர், அக்கா. ஒரு பேரினம். கொம்பேறி மூக்கன் எண்டு நாங்க ஒரே பேரில சொல்லுறம். அதுக்குள்ள கன இனம் இருக்குது. எல்லாத்துக்கும் முதுகின்ர நடுவில ஒரு வரிசைச் செதில் கொஞ்சம் பெரிசா ஓடும். ஊருக்குள்ள திரியிறதில அந்த வரிசை பக்கத்துச் செதிலை விட மட்டுமட்டாத்தான் பெரிசு. உங்கட பாம்பில பாருங்கோ. இரட்டிப்பு அகலம்."

'உங்கட பாம்பு.' ஜூலியட் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அதால என்ன தம்பி?" என்றாள் றோசம்மா. எல்லோருக்கும் சேர் என்றால் அவளுக்குத் தம்பி.

"இது வேற இனமா இருக்கலாம். இந்தப் பேரினத்தில ரெண்டு இனத்தை நூறு வருசத்துக்கு மேல ஒண்டெண்டு நினைச்சு வைச்சிருந்தவங்கள். ஆரோ திரும்ப எடுத்துச் செதிலைப் பாத்தாப் பிறகுதான் பிரிச்சது. இதையும் பிரிக்கலாமெண்டா உங்கட பேரை வைப்பம் எண்டு நானும் நுஸ்ரியாவும் யோசிச்சிருக்கிறம்."

"என்ர பேரையோ? பாம்புக்கோ?"

"விஞ்ஞானப் பேர். டென்ட்ரெலாஃபிஸ் றோசம்மே."

"கனடாவிலயும் அப்பிடித்தான் சொல்லுவினமோ?"

"உலகம் முழுக்க அப்பிடித்தான்."

றோசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜூலியட் விறாந்தைப் படிக்கு வந்துவிட்டாள்.

"சேர், அதை முதல் கண்டது நான்."

"அப்பிடியோ. அப்ப ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?"

"அவள் மடு மண்ணைத் தூவி என்ர பக்கம் கலைச்சு விட்டதை நான் வேலிக்குள்ளால பாத்தனான், தம்பி" என்றாள் றோசம்மா. "மாதா எனக்கெண்டு தந்திட்டா."

நுஸ்ரியா சிரித்தாள். ஜூலியட் வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

"ஊருக்குள்ள திரியிறதுக்கு என்ன பேர், சேர்?"

"ட்ரிஸ்டிஸ். கவலையானது எண்டு அர்த்தம்."

"அப்ப அதுக்கு எங்கட ஜூலியட்டின்ர பேரை வைச்சிருக்கலாம்" என்றாள் றோசம்மா.

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். ஜூலியட்டும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவளுடைய முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

சனூன் மடிக்கணினியை மூடினார். "ஆனா அக்கா, ஒரு பாம்பை வைச்சுக்கொண்டு இனம் எண்டு சொல்ல விடமாட்டாங்கள். இது ஒண்டு மட்டும் இப்பிடிப் பிழையாப் பிறந்திருக்கலாமெண்டு கேப்பாங்கள். மரபணுவும் பாத்தாச்சு. வித்தியாசம் கொஞ்சம்தான், அது ரெண்டு பக்கமும் கதைக்குது. இன்னொண்டு வேணும். அதிலயும் நடுவரிசை இப்பிடியே இருந்தாத்தான் உங்கட பேர் நிக்கும். இல்லாட்டி இதுவும் ட்ரிஸ்டிஸ்தான்."

"உயிரோட பிடிக்க எங்களுக்குத் தெரியாதே."

"நீங்க பிடிக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். கண்டா எனக்கு ஃபோன் எடுங்கோ. எங்கயாவது செத்துக் கிடந்தாலும் பரவாயில்ல, ஐஸில போட்டுட்டுச் சொல்லுங்கோ. முதுகு மட்டும் பழுதாகக் கூடாது."

ஜூலியட் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத் தண்ணீர் அரைக்குடம்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, அறிவித்தல்களோடு ஃபாதர் இதையும் சொன்னார். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் பெயர் விஞ்ஞான உலகத்துக்குப் போகப்போகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். கோயில் வாசலில் பெண்கள் றோசம்மாவைச் சுற்றி நின்றார்கள். கனடாவில் மகன் பாம்பின் படத்தையும் தாயின் படத்தையும் ஒன்றாகப் போட்டு முகநூலில் எழுதினான். மீன் வாடியில் இருந்தவர்கள் றோசம்மாவைக் கண்டால் "பாம்பம்மா வாறா, வழி விடுங்கோடா" என்றார்கள். அவள் கையை ஓங்குவாள். ஆனால் அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஜூலியட் அதைக் கண்டாள். இதுவரை றோசம்மாவுக்கு வந்த எதையும் அவள் இவ்வளவு ஆசையோடு பிடித்துக்கொண்டதில்லை. பெட்டி வந்தது, ஓடு வந்தது, கதிரை வந்தது; எல்லாவற்றையும் அவள் வந்தால் வரட்டும் என்றுதான் வைத்திருந்தாள். இதை மட்டும் அவள் விரும்பினாள். பின்னேரங்களில் பூவரசின் கீழ் நின்று கழுத்து நோக மேலே பார்த்தாள்.

"கண்டனியே, ஜூலியட்?" என்று வேலிக்கு மேலால் கேட்பாள்.

"இல்ல மச்சாள்."

இரவில் ஜூலியட்டுக்கு அந்தப் பேர் காதுக்குள் கேட்டது. ஓடு உடையும். பெட்டி பழுதாகும். சேமக்காலைக் கல்லில் வெட்டின எழுத்தைக்கூட உப்புக்காற்று தின்றுவிடும். இது அழியாது. றோசம்மா செத்த பிறகும், தான் செத்த பிறகும், யாரோ வெள்ளைக்காரன் பாம்பு போட்ட ஒரு போத்தலைத் தூக்கி வைத்துக்கொண்டு றோசம்மே என்பான்.

"பாம்புக்குத்தானேடி பேர் வைக்கினம்" என்றான் மரியதாசன். "பாங்கில காசோ போடுகினம்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லயே."

"நீ ஒண்டும் சொல்லாமப் புரண்டு புரண்டு படுக்கிறாய். எனக்கு நித்திரை வரேல்ல."

தை மாதம் ஒரு காலையில் இரண்டாவது பாம்பு கிடைத்தது.

காகம் கொத்தாமல் இருக்க ஜூலியட் பரணுக்கு மேலே பழைய நைலோன் வலையைப் போட்டு வைத்திருப்பாள். பல்லி பிடிக்க வந்த பாம்பு அந்த வலைக் கண்ணில் தலையைக் கொடுத்து, பின்னுக்கும் வர முடியாமல் முன்னுக்கும் போக முடியாமல் இறுகிச் செத்திருந்தது. உடம்பு இன்னும் வளைந்து கொடுத்தது. ஜூலியட் வலையை வெட்டி எடுத்தாள். வெளிச்சத்தில் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில், கழுத்திலிருந்து கீழே வரை, மற்றவற்றை விட அகலமான செதில்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போயின. இரட்டிப்பா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிதுதான்.

அது அவளுடைய பக்கத்தில் செத்திருந்தது. அதுதான் முதலில் வந்த நினைப்பு. இது என்ர பாம்பு.

பிறகுதான் மற்றது வந்தது. இதைக் கொடுத்தால் றோசம்மாவின் பேர் நின்றுவிடும்.

மரியதாசன் கடலில். வேலிக்கு அப்பால் றோசம்மா கோழிக்குத் தீன் போடும் சத்தம் கேட்டது. ஐஸ் வேண்டும் என்றால் வாடிக்குப் போக வேண்டும், ஏன் என்று கேட்பார்கள். றோசம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் இருந்தது, ஆனால் அங்கே கேட்க முடியாது. வெயில் ஏறினால் மத்தியானத்துக்குள் நாறிவிடும். கொடுப்பதா இல்லையா என்று யோசிக்கவும் முதலில் அது நாறாமல் இருக்க வேண்டும். அவள் அதைப் பலகையில் வைத்தாள். கட்டா, சீலா மீன்களைப் பிளக்கிற கத்தியை எடுத்தாள். கட்டாவைப் பிளக்கிற மாதிரியே, கழுத்துக்குக் கீழே முதுகில் கத்தியை ஊன்றி, வால்பக்கம் வரை ஒரே இழுப்பில் இழுத்தாள். குடலை எடுத்தாள். உப்பை அழுத்தித் தேய்த்தாள். தொட்டியில் கட்டாக்களுக்கு அடியில் அதை விரித்து வைத்து மேலே உப்புக் கொட்டினாள்.

கை கழுவும்போது, கருவாடென்றால் முதுகால்தானே பிளக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் மாதிரி அது இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நல்ல நாட்கள். காலையில் எழும்பும்போதே ஒரு தெம்பு இருந்தது. தண்ணிக்குப் போகும்போது றோசம்மாவோடு நின்று கதைத்தாள். அவளுடைய முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டாள். றோசம்மா பூவரசடியில் நின்று கேட்டாள்.

"கண்டனியே?"

"இல்ல மச்சாள்."

"உன்ர கண்ணுக்குத்தான் தெரியும். நீதானே முதல் கண்டனி."

"ஆமா" என்றாள் ஜூலியட்.

"இந்தியாக்காரி" என்றாள் றோசம்மா, செல்லமாக.

தவக்காலம் தொடங்கிய கிழமை சனூனும் நுஸ்ரியாவும் வந்தார்கள். ஜூலியட் சத்தம் கேட்டு வேலியடிக்குப் போனாள். கட்டுரையை அனுப்ப வேண்டிய நாள் கிட்டிவிட்டது என்று சனூன் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் ஒருவர் வீட்டுக் கூரையில் இதே மாதிரி ஒன்றைக் கண்டு கூடைக்குள் மூடி வைத்திருக்கிறாராம். இப்போது அங்கேதான் போகிறார்கள்.

"அந்தாளின்ர பேரும் வருமோ தம்பி?" என்று றோசம்மா கேட்டாள்.

"ஓம். ரெண்டாவதை ஆர் எங்க எடுத்தது எண்டு கட்டுரையில இருக்கும். ரெண்டாவது இல்லாட்டி முதலாவதுக்கு மதிப்பில்லத்தானே. நன்றியிலயும் அவரின்ர பேரைப் போடுவம்."

யாரென்று தெரியாத அந்தத் தலைமன்னார் மனிதன் மீது ஜூலியட்டுக்கு வயிறு எரிந்தது. பாம்பு அவனிடம் சரியாக இருந்தால் றோசம்மாவின் பேரும் நிற்கும், அவனுடைய பேரும் நிற்கும். தொட்டியில் கிடப்பது வெறும் பாம்புக் கருவாடு. அதற்கு ஏதாவது பெறுமதி இருந்தால் அது இந்த நிமிடம் மட்டும்தான். அவர்கள் செருப்பைப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

"சேர்" என்றாள். "என்னட்ட ஒண்டு இருக்குது."

றோசம்மாதான் முதலில் திரும்பினாள். அவளுடைய முகம் மலர்ந்ததை ஜூலியட் பார்த்தாள். அப்படி ஒரு மலர்ச்சியைத் தன்னால் அவளுக்குக் கொடுக்க முடியும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எப்ப கண்டனி?"

"கொஞ்ச நாள்."

"நான் நெடுகக் கேட்டனானே."

ஜூலியட் அதைக் கேட்காத மாதிரித் தொட்டியடிக்குப் போனாள். கட்டாக்களை விலக்கி, உப்பைத் தட்டி, ஒரு கடதாசியில் வைத்துக் கொண்டுவந்தாள். விறாந்தை மேசையில் சனூன் கடதாசியை விரித்தார்.

தட்டையாக, விரிந்து, விளிம்புகள் உள்ளே சுருண்டு கிடந்தது. தலை மட்டும்தான் பாம்பு. மற்றதெல்லாம் சந்தையில் தொங்குகிற கருவாடு.

நுஸ்ரியா பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் ஊசியையும் எடுத்தாள். ஒரு விளிம்பை ஊசியால் நிமிர்த்திப் பார்த்தாள். மற்ற விளிம்பை நிமிர்த்திப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தாள். உப்பில் இறுகிய தோல் சேரவில்லை.

"சேர், வெட்டு நடுவரிசையாலேயே போயிருக்குது. கழுத்தில இருந்து கீழ வரைக்கும். ஒரு செதிலும் முழுசா இல்ல."

"பக்க வரிசை?"

"அது இருக்குது. அதை வைச்சு என்ன செய்யிறது? அது எல்லாத்திலயும் ஒண்டுதானே."

"வயிறு பழுதாகாம இருக்குது" என்றார் சனூன். பிறகு, "அதால பிரயோசனமில்ல" என்றார்.

ஜூலியட் சொன்னாள்: "கருவாடெண்டா முதுகாலதானே சேர் பிளக்கிறது. எனக்கு வேற மாதிரி வராது."

"பரவாயில்ல அக்கா. நீங்க நாறாமக் காப்பாத்தித்தானே வைச்சிருக்கிறீங்க." அவர் அவளைப் பார்க்காமல் அதைச் சொன்னார். நுஸ்ரியா அவளைப் பார்த்தாள். றோசம்மா பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் வெட்டின் நீளத்துக்கு மேலாக, தொடாமல், ஒருமுறை போய் வந்தது.

தலைமன்னார்ப் பாம்பு சாதாரணமானது. நடுவரிசை மட்டுமட்டாகத்தான் பெரிதாக இருந்தது. பாஸ்குப் பெருநாள் முடிந்து ஒரு நாள் நுஸ்ரியா றோசம்மாவின் தொலைபேசிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். சஞ்சிகைக்காரர் ஒரு மாதிரியை வைத்துப் புது இனம் என்று ஏற்கவில்லை. மன்னார்த் தீவில் கிடைத்த, செதில் அகலம் வழமைக்கு மாறான ஒரு ட்ரிஸ்டிஸ் என்று சின்னக் குறிப்பாகத்தான் வரும். குறை நினைக்க வேண்டாம் அன்ரி. சேர் சலாம் சொன்னார்.

றோசம்மா அந்தச் செய்தியை ஃபாதருக்கும் போட்டுக் காட்டினாள். அவர் அதை அறிவித்தலில் சொல்லவில்லை. வாடியில் கொஞ்ச நாள் பாம்பம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் கையை ஓங்காமல் போனதால் அந்தப் பேரும் நின்றுபோனது.

ஜூலியட் திட்டு விழும் என்று காத்திருந்தாள். திட்டினால் பதிலுக்கு என்ன சொல்வது என்று அவளிடம் நிறையச் சொற்கள் இருந்தன. முகாமிலிருந்து சேர்த்து வைத்தவை. படலை வழமைபோலத் திறந்தே கிடந்தது. றோசம்மா கிணற்றடிக்கு வரவில்லை. அவ்வளவுதான். வேலிக்கு மேலால் குரல் வரவில்லை. ஜூலியட்டுக்கு வேண்டியது கிடைத்திருந்தது, உலகத்தில் எந்தப் போத்தலிலும் றோசம்மாவின் பேர் இல்லை. அவள் அந்த நினைப்பை அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதன் ருசி கொஞ்சம் குறைந்திருந்தது.

"அக்கா உன்னோட கதைக்கிறேல்லையோ?" என்று மரியதாசன் கேட்டான்.

"அவவுக்கு முழங்கால் நோ."

"முழங்காலாலயோ அவ கதைக்கிறவ?"

வைகாசியில் ஒரு நாள் மீன் நிறையப் பட்டிருந்தது. ஜூலியட் விடிந்ததிலிருந்து பரணடியில் குந்தியிருந்து பிளந்துகொண்டிருந்தாள். படலை திறந்தது. றோசம்மா வந்தாள். கவிழ்த்து வைத்திருந்த ஐஸ் பெட்டியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். புருஷன் இருந்த காலத்தில் அவளும் இந்த வேலை செய்தவள்தான். கொஞ்ச நேரம் ஜூலியட்டின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டா ஒன்று. முதுகில் கத்தி. அடுத்த கட்டா. முதுகில் கத்தி.

"நல்ல கை" என்றாள்.

ஜூலியட் நிமிரவில்லை.

"கருவாடெண்டா முதுகாலதான் பிளக்கிறது எண்டு அண்டைக்குச் சனூன் தம்பியிட்டச் சொன்னாய்."

"ஆமா மச்சாள்."

றோசம்மா குனிந்து மீன் போட்டிருந்த பறிக்குள் கையை விட்டாள். கட்டாக்களை ஒதுக்கி அடியிலிருந்து ஒன்றை இழுத்தாள். சாவாளை. வெள்ளி நாடா மாதிரி நீண்ட, கையகலம்கூட இல்லாத மீன். வாலைப் பிடித்துத் தூக்கினால் பாம்பு மாதிரியே தொங்கும். அதைப் பலகையில் நீட்டி வைத்தாள்.

"இதைக் கீறு."

ஜூலியட் அந்த மீனைப் பார்த்தாள். ஒடுக்கமான மீனை முதுகால் பிளந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கருவாடு போடுகிற எவளுக்கும் அது தெரியும். றோசம்மாவுக்கும் தெரியும். முதுகில் கத்தியை வைக்கலாம். ஒரு மீன்தானே போகும். அவள் கத்தியை முதுகுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அது அங்கே நின்றது. காகம் ஒன்று வலையில் வந்து இருந்துவிட்டு எழும்பிப் போனது.

பிறகு அவள் மீனைப் புரட்டினாள். வயிற்றில் கீறினாள். குடலை எடுத்தாள். கழுவிப் பக்கத்தில் வைத்தாள்.

றோசம்மா அதைக் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"நான் உனக்கு என்னடி செய்தனான்?"

குரல் உயரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஜூலியட் யோசித்தாள். திரும்பி வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்தாள். வளவு. தண்ணி. காய்ச்சலுக்குக் கஞ்சி. மரியதாசனின் படகு உடைந்தபோது பலகை. சேர்த்து வைத்த சொற்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"நீங்க எனக்குக் கெட்டது ஒண்டும் செய்யேல்ல மச்சாள்" என்றாள். "அதுதான்."

றோசம்மா பெட்டியிலிருந்து எழும்பினாள். எழும்புவதற்கு நேரம் எடுத்தது. ஜூலியட் கை கொடுக்கப் போய், கையில் குடல் ஒட்டியிருந்ததால் நிறுத்தினாள். றோசம்மா சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"உன்ர பேரை வைக்கச் சொல்லிச் சனூன் தம்பியிட்டச் சொல்லியிருப்பன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா."

"தெரியும் மச்சாள்" என்றாள் ஜூலியட்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பறியில் இன்னும் பாதி மீன் கிடந்தது. அவள் அடுத்ததை எடுத்தாள்.